சர்வர் வேலை செய்யவில்லை

மூன்றாவது கேள்விக்கு ‘சில நேரங்களில்’ என்கிற கட்டத்தில் டிக் போடுகிறேன். உண்மையில் அது ‘எப்போதும்’. பேனா முதலில் அங்கேதான் போனது, ஒரு கணம் நின்றது, பிறகு தானாக இடப்பக்கம் நகர்ந்து வந்துவிட்டது. பொய் சொல்ல இப்போதெல்லாம் நான் யோசிக்க வேண்டியதே இல்லை, கை பார்த்துக்கொள்கிறது. ‘நினைத்ததைவிட அதிக நேரம் கணினியின் முன் செலவிட்டதுண்டா?’ ‘நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தும் முடியாமல் போனதுண்டா?’ மொத்தம் இருபது கேள்வி. இந்தத் தாளை யார் டைப் செய்தார்களோ, வரிகளுக்கு நடுவே இடைவெளி ஒரே அளவில் இல்லை, பதினொன்றாம் கேள்வியில் ஓர் ஒற்று விடுபட்டிருக்கிறது, என்னிடம் கொடுத்திருந்தால் அரை மணி நேரத்தில் அழகாகச் செய்து கொடுத்திருப்பேன். பார், இதைத்தான் நினைக்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரின் காத்திருப்பு அறையில், நாற்பத்தாறு வயதில், நோயாளியாக உட்கார்ந்துகொண்டு தாளில் குறை கண்டுபிடிக்கிறேன். இருபது வருடமாக அதுதானே பிழைப்பு. தூத்துக்குடியில் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, மாதா கோயில் திருவிழா நோட்டீஸ், பிஎச்டி மாணவர்களின் ஆய்வேடு எல்லாம் டைப் செய்து கொடுக்கிற பிலோமினா. “பிலோமினாக்கா கையில குடுத்தா ஒரு பிழை இருக்காது” என்று சொல்லிச் சொல்லியே ஆட்களை அனுப்புவார்கள். பக்கத்து நாற்காலியில் என் மகள் ஜோஸ்லின், மடியில் பை, பையின் மேல் இரண்டு கைகள். பஸ்ஸில் வந்த ஒரு மணி நேரமும் அவள் தன் போனை எடுக்கவில்லை, இங்கே வந்து அரை மணி ஆகிறது, இன்னும் எடுக்கவில்லை. குடிகாரன் முன்னால் பாட்டிலைத் திறக்காமல் இருக்கிற மாதிரி என் முன்னால் அதை எடுக்கக்கூடாது என்று நினைக்கிறாள் போல. பதினெட்டு வயது. அவளுக்கு எப்படி இதெல்லாம் தோன்றுகிறது. நான் தாளைக் கொஞ்சம் என் பக்கமாகச் சாய்த்துக்கொள்கிறேன், நான்காவது கேள்விக்கும் ‘சில நேரங்களில்’.

குடியாவது இருந்திருக்கலாம் என்று எத்தனை முறை நினைத்திருக்கிறேன். குடி என்றால் நாலு பேர் ஐயோ என்பார்கள், கோயிலில் ஜெபம் சொல்வார்கள், அதற்கு ஒரு வாசனை இருக்கிறது, தடுமாற்றம் இருக்கிறது, பார்த்தால் தெரியும். என்னுடையதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கம்ப்யூட்டரில் சீட்டு அடுக்குகிறேன். அவ்வளவுதான். எதிரே ஆள் கிடையாது, பந்தயம் கிடையாது, ஜெயித்தால் ஒன்றும் வராது. பத்து வரிசை, நூற்றிநாலு சீட்டு, ராஜாவில் தொடங்கி ஒன்றாம் சீட்டு வரை ஒரே இனத்தில் இறங்குவரிசையாக அடுக்க வேண்டும், ஒரு அடுக்கு முடிந்தால் அது சரசரவென்று பறந்துபோய் மூலையில் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சரசர சத்தத்துக்குத்தான். கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து உள்ளே கிடந்த ஆட்டம், பத்து வருடம் நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஒரு ஆய்வேட்டில் அடிக்குறிப்புகள் இடம் மாறிக்கொண்டே இருந்த ஒரு நாள், எரிச்சலில், ஐந்து நிமிஷம் மூளையை ஆற்றிக்கொள்ளலாம் என்று திறந்தேன். ஐந்து நிமிஷம்தான் விளையாடினேன், சத்தியமாக. மறுநாள் பத்து. தோற்றால் தோல்வியோடு எழுந்திருக்க மனசு வராது, இன்னொன்று. ஜெயித்தால் கை நன்றாக ஓடுகிறது, இப்போது போய் நிறுத்துவார்களா, இன்னொன்று. நிறுத்துவதற்கென்று ஒரு இடம் அதில் கிடையவே கிடையாது என்று புரிய எனக்கு மூன்று வருடம் ஆனது. அழித்திருக்கிறேன், ஏழெட்டு முறை அழித்திருக்கிறேன், அழித்த நாள் உடம்பெல்லாம் லேசாக, கோயிலுக்குப் போய்வந்த மாதிரி இருக்கும், மூன்றாம் நாள் மத்தியானம் திரும்ப இறக்கி, ‘பத்திரிகை மாதிரிகள்’ என்று பெயர் வைத்த ஃபோல்டருக்குள் ஒளித்துவைப்பேன். யாரிடமிருந்து ஒளிக்கிறேன்? வீட்டில் யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர், காலை ஷிப்டுக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவார். இவள் பள்ளிக்கூடம், இப்போது கல்லூரி. பகல் முழுக்க நானும் அதுவும்தான். குடிகாரன் கடைப்பக்கம் போகாமல் இருந்தால் போதும் என்பார்கள். எனக்குக் கடைக்குள்ளேயே அல்லவா வேலை. பிழைப்புக்கு அந்த நாற்காலியில்தான் உட்கார வேண்டும், அந்தத் திரையைத்தான் திறக்க வேண்டும், அதே மவுஸ்.

இவளுக்குத் தெரிந்தது பால் தீய்ந்த அன்றைக்கு. போன மாதம், கல்லூரியில் யாரோ இறந்து அரை நாள் விட்டுவிட்டார்கள், பன்னிரண்டரைக்கே வந்துவிட்டாள். நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பொங்குவதற்குள் ஒன்று, என்று உட்கார்ந்திருக்கிறேன். பால் பொங்கி, வழிந்து, வற்றி, பாத்திரம் கருகி, வீடு முழுக்கப் புகை. அடுத்த வீட்டு ஆள் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை. இவள் உள்ளே வந்து அடுப்பை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறாள். நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். இருபது நிமிஷம் என்று பிறகு சொன்னாள். இருபது நிமிஷம் என் பிடரிக்குப் பின்னால் என் மகள் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது எனக்குத் தெரியாது. அவள் என்ன பார்த்திருப்பாள்? என் பின்னந்தலையை, நரையை, கூனிப்போன தோளை, அசைந்துகொண்டிருந்த ஒரே ஒரு விரலை. “அம்மா” என்று அவள் சொன்னபோது நான் பதறி எழுந்திருக்கவில்லை. அதுதான் கேவலம். “இரு, முடிச்சிட்டு வாரேன்” என்றேன், திரும்பாமலே. அவள் அழவில்லை, கத்தவில்லை. நாலு நாள் கழித்து, இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே, “திருநெல்வேலில ஒரு டாக்டர் இருக்காங்கம்மா, எங்க மிஸ் ஒருத்தங்க சொன்னாங்க, இது ஒரு பழக்க நோயாம், குடிக்கு அடிமையாகுற மாதிரியேதானாம், வைத்தியம் இருக்காம்” என்றாள். “எதுக்குடி, சும்மா பொழுதுபோக்குக்கு வெளையாடுறதுக்கா?” என்று சிரித்தேன். அவள் கூடச் சிரிக்கவில்லை. அப்பாவிடம் செருப்பு வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

“எங்கேருந்து வாரீங்க?” எதிர் நாற்காலியில் ஒரு அம்மா. என்னைவிட நாலைந்து வயது பெரியவர், நெற்றியில் திருநீறு, கையில் ஃபைல். சங்கரன்கோவிலாம், பெயர் கோமதியாம், நான் கேட்காமலே சொன்னார். பக்கத்தில் தாடி வைத்த ஒரு பையன், பையன் என்ன, ஆள், இருபத்தைந்து வயது இருக்கும், குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். “இவனுக்குத்தாம்மா. கதிரேசன். இன்ஜினியரிங் முடிச்சு மூணு வருசமாச்சு. வேலைக்குப் போகல. கம்ப்யூட்டர்ல கேமு. சாப்பாட்டத் தட்டுல போட்டு அங்கனயே கொண்டு குடுக்கணும். ரெண்டு நாளைக்கு ஒருக்கத்தான் குளிக்கான்.” அவன் காது சிவப்பது எனக்குத் தெரிகிறது. எனக்கும் எங்கோ சிவக்கிறது. நானும் வியாழன் வெள்ளி இரண்டு நாள் தலை சீவாமல் உட்கார்ந்திருந்தேன், வீட்டில் அவர் கேட்டதற்கு ஆய்வேடு அவசரம் என்றேன். அந்த அம்மாவின் பார்வை என் மடியில் இருந்த தாளுக்கு வந்து, அங்கிருந்து ஜோஸ்லினுக்குப் போய், திரும்ப என்னிடம் வருகிறது. “ஒங்களுக்கும் இதே கததானா? மகளுக்கா?” ஒரு சொல் போதும். ‘இல்லை’ என்றால் போதும். ‘எனக்கு’ என்று ஒரே சொல். “ஆமா, இவளுக்குத்தான்” என்று என் வாய் சொல்கிறது. நான் சொல்லவில்லை, வாய் சொல்கிறது, பேனா நகர்ந்ததே அதே மாதிரி. சொன்ன சத்தம் இன்னும் அறையில் இருக்கிறது. ஜோஸ்லின் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், இப்போது பார்ப்பாள், பார்த்தால் நான் என்ன செய்வேன். அவள் பார்க்கவில்லை. பையின் மேலிருந்த கைகளில் ஒன்று மட்டும் மற்றதன் மேல் போய் உட்கார்ந்தது. “ஆமா ஆன்ட்டி” என்றாள். “கொஞ்சம் ஜாஸ்தியாயிட்டு.”

பிறகு அந்த அம்மா என் மகளைத் திட்டத் தொடங்கினார். அன்பாகத்தான், நம் வீட்டுப் பிள்ளையைத் திட்டுகிற மாதிரிதான். “பொம்பளப் புள்ள, படிக்கிற வயசுல இது தேவையா சொல்லு. அம்மாவப் பாரு, கண்ணுக்குக் கீழ எப்படிக் கருத்துப் போயிருக்குன்னு. ஒன்ன நெனச்சு நெனச்சுத் தூங்கிருக்க மாட்டாங்க. பெத்தவங்க என்ன பாவம் செஞ்சாங்க?” ஜோஸ்லின் “இல்ல ஆன்ட்டி”, “சரி ஆன்ட்டி”, “இனிமே கொறச்சுக்கிடுதேன் ஆன்ட்டி” என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுகிறாள். எனக்கு விழ வேண்டிய அடி எல்லாம் அவள் மேல் விழுகிறது, அவள் குனிந்து வாங்கிக்கொள்கிறாள். என் கண்ணுக்குக் கீழே கருத்தது திரையைப் பார்த்துப் பார்த்து. நான் நடுவில் ஒரு வார்த்தை சொல்லலாம். ஒவ்வொரு முறை அந்த அம்மா மூச்சு வாங்கும்போதும் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன், இந்த வாக்கியம் முடியட்டும், அடுத்த வாக்கியம் முடியட்டும். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. எனக்கு நன்றாகத் தெரிந்த நிலைமை இது. இப்படித்தான் அன்றைக்கும் நாலரை, நாலே முக்கால், நாலு ஐம்பது. அய்யோ வேண்டாம், அங்கே போகாதே. பதினேழாம் கேள்வியைப் பார்க்கிறேன். ‘இப்பழக்கத்தால் வேறு எவருக்காவது இழப்பு ஏற்பட்டதுண்டா?’ பதினாறு வரை முடித்துவிட்டேன். பதினேழில் பேனா எந்தக் கட்டத்துக்கும் போக மாட்டேன் என்கிறது. இதற்கு ‘சில நேரங்களில்’ என்று கூடச் சொல்ல முடியாது. ஒரே ஒரு நேரம்தான். ஒரே ஒரு வியாழக்கிழமை.

போன ஜூன். பிளஸ் டூ முடிவு வந்த மூன்றாம் வாரம் இவளுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது, தட்டணுக்கள் குறைந்துகொண்டே போகிறது என்று காலையில் ஒரு எண், மாலையில் ஒரு எண் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவள் அப்பா லீவு போட்டுவிட்டு கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில். மீன்வளப் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றைக்குத்தான் கடைசி நாள், மாலை ஐந்து மணி. இவள் அதைத் தவிர வேறு எதுவும் படிக்க மாட்டேன் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள். சின்ன வயதில் ஒரு நாள் கரையில் ஒரு கடல் பசு செத்து ஒதுங்கியது, அதை அறுத்துப் பார்க்க வந்தவர்களில் ஒரு பெண் முழங்கை வரை கையுறை போட்டுக்கொண்டு அதன் வயிற்றுக்குள்ளிருந்து கடல் புல்லை எடுத்துக் காட்டினாள், எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, இவள் மட்டும் அந்தப் பெண் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு முடிவு செய்தது. விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் காய்ச்சல் வருவதற்கு முந்தின நாளே நிரப்பிவைத்திருந்தாள். புகைப்படம் மட்டும் அளவு பெரிதாக இருக்கிறது, ஏற மாட்டேன் என்கிறது, அதைச் சுருக்கி ஏற்றி, கடைசிப் பொத்தானை அழுத்த வேண்டும். “நீங்க போய்ப் பாத்துக்கிடுங்கம்மா. ஒங்க கையில குடுத்தா முடிஞ்சிரும்” என்றாள், உதடு வெடித்துப் போயிருந்தது. பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அவளுக்கு மாற்றுத் துணி எடுத்துவைத்தேன். கம்ப்யூட்டரைப் போட்டேன், விண்ணப்பத்தைத் திறந்தேன், புகைப்படத்தைச் சுருக்கினேன், நிறம் மங்கியது, சரியில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. காலையில் சொன்ன எண்ணிக்கை தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது, முப்பத்தோராயிரம், முப்பத்தோராயிரம். இந்த நடுக்கம் நிற்கட்டும், ஒரே ஒரு ஆட்டம், மனசு ஒரு நிலைக்கு வந்ததும் செய்துவிடலாம், ஐந்து மணி வரை நேரம் கிடக்கிறதே. சீட்டுகள் இறங்கியதும் உண்மையாகவே அந்த எண் நின்றுபோனது. ஆஸ்பத்திரி இல்லை, டிரிப்ஸ் இல்லை, மகளே இல்லை. எட்டுக்கு மேல் ஏழு, ஏழுக்கு மேல் ஆறு. நாலரைக்கு போன் அடித்தது, இவள்தான், “முடிச்சிட்டீங்களாம்மா?” “இன்னும் ரெண்டே பக்கம்தான் இருக்கு, படு” என்றேன், பேசிக்கொண்டே ஒரு ராணியை ராஜாவுக்கு நகர்த்தினேன். அதைத்தான் மறக்க முடியவில்லை. அவள் குரல் காதில் இருக்கும்போது நகர்த்தினேன். நாலு ஐம்பதுக்கு மணியைப் பார்த்தேன், பார்த்தேன், தெரிந்தேதான். இரண்டு அடுக்குதான் பாக்கி, இது முடிந்ததும். முடிந்து, எட்டு அடுக்கும் பறந்துபோய், திரையில் வாணவேடிக்கை வெடித்தபோது ஐந்து மணி நாலு நிமிஷம். விண்ணப்பப் பக்கத்துக்குப் போனேன், காலம் முடிந்தது என்று சிவப்பில் ஒரு வரி. நான் அழவில்லை. எழுந்து முகம் கழுவினேன். பஸ்ஸில் போகும்போது வாயில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், சர்வர் வேலை செய்யவில்லை, சர்வர் வேலை செய்யவில்லை, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே பெருமூச்சு விட வேண்டும் என்று.

எல்லோரும் நம்பினார்கள். யார்தான் நம்ப மாட்டார்கள், கடைசி நாளில் சர்வர் படுத்துவிடுவது ஊரில் நடக்காததா. அவர் என் தோளைத் தட்டி, “நீ என்ன செய்வ, விடு” என்றார். இவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், டிரிப்ஸ் குழாய் இழுபட்டது. வீட்டுக்கு வந்த பிறகு சும்மா இருக்கவில்லை, நியாயம் கேட்க வேண்டும் என்றாள். அந்த அலுவலகத்துக்கு ஒரு புகார்க் கடிதம். இவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, ‘என் தாயார் பிற்பகல் முழுவதும் முயன்றும் தங்கள் சர்வர் வேலை செய்யவில்லை’ என்று நான்தான் டைப் செய்தேன். ஒரு பிழை இல்லாமல். ‘முயன்றும்’ என்ற சொல்லில் கூட என் விரல் தடுமாறவில்லை. அன்று மாலை வரை எங்கள் பக்கம் எந்தக் கோளாறும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. “பொய் சொல்லுதாங்கம்மா, எப்படிப் பச்சையா பொய் சொல்லுதாங்க பாருங்க” என்று அதை என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினாள். இப்போது கெமிஸ்ட்ரி படிக்கிறாள். பிடிக்கவில்லை, சொல்ல மாட்டாள். டெஸ்ட் டியூப் உடைந்தது, யார் எதைச் சிந்தினார்கள் என்று மட்டும் சொல்வாள். அதற்குப் பிறகாவது நான் நிறுத்தியிருக்க வேண்டாமா? கூடியது. அதை நினைக்காமல் இருப்பதற்கு எனக்கு வேறு இடம் ஏது? நினைவு வரும்போதெல்லாம் திறந்தேன், திறந்ததால் இன்னும் வெட்கம், வெட்கத்துக்கு மறுபடி திறந்தேன்.

“எந்த கேம்?” அந்தப் பையன் முதன்முறையாக வாயைத் திறக்கிறான். ஜோஸ்லினிடம்தான். அவள் திகைக்கிறாள். பொய்க்கு இவ்வளவு தூரம் அவள் தயாராகவில்லை. “சீட்டு… சீட்டு அடுக்குறது. ஸ்பைடர்.” “சீட்டா?” என்று அவன் புருவம் ஏறுகிறது. அந்த வயதுப் பெண் அதையா என்று நினைத்திருப்பான். சிரிக்கப் போகிறான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவன் பார்வை அவள் கைகளிலிருந்து என் கைக்கு வந்தது. தாளின் ஓரத்தில் என் ஆட்காட்டி விரல் தட்டிக்கொண்டிருந்தது, தட்-தட், தட்-தட், இரண்டிரண்டாக, எனக்கே தெரியாமல். அவன் விரலைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். தெரிந்துவிட்டது. இந்த அறையில் அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். நான் விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன். அவன் மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டு, “எம்மா, அந்தப் புள்ளய விடு. போதும்” என்றான். “நான் நல்லதுக்குத்தானல சொல்லுதேன்.” “விடுன்னு சொல்லுதேம்லா.” அப்போது அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா எழுந்தவர், போகிற போக்கில் ஜோஸ்லினின் கன்னத்தைத் தொட்டு, “அம்மாவ இனிமே அழவைக்காத, என்னம்மா?” என்றார். “சரி ஆன்ட்டி, அழவைக்க மாட்டேன்” என்றாள் என் மகள்.

கதவு மூடியது. மின்விசிறிச் சத்தம். கவுன்ட்டரில் இருந்த பெண் யாரிடமோ போனில் தேதி சொல்லிக்கொண்டிருந்தாள். ஜோஸ்லின் என் மடியில் இருந்த தாளை எட்டிப் பார்த்து, “இன்னும் நாலுதான இருக்கு, முடிச்சிருங்கம்மா” என்றாள். குரலில் கோபமே இல்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. “ஜோசி” என்றேன். “ம்.” “சர்வர் நல்லாத்தான் இருந்துச்சு.” அவளுக்குப் புரியவில்லை. “எந்த சர்வர்?” “அன்னைக்கு. நீ ஆஸ்பத்திரில கெடந்தப்ப. நல்லாத்தான் இருந்துச்சு. நான் சீட்டு வெளையாடிட்டு இருந்தேன். அஞ்சு மணி ஆயிட்டு.” அவள் என்னைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் பார்க்காதவள் இப்போது பார்த்தாள். “நான் போன் பண்ணுனப்ப?” “அப்பவும்தான்.” “ரெண்டு பக்கம் இருக்குன்னு சொன்னீங்க.” “ஆமா.” “போட்டோ மட்டுந்தான ஏத்தணும்?” “ஆமா.” “அதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?” எனக்குத் தெரியாதா, ஆயிரம் பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேனே. “ஒரு நிமிஷம்” என்றேன். அவள் உதடு ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி அசைந்தது. “அந்த லெட்டர நீங்கதான டைப் பண்ணுனீங்க” என்றாள், கேள்வியாகக் கூட இல்லை. பிறகு எழுந்தாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து, அது அடித்துக்கொள்ளாமல் கையால் பிடித்து மெதுவாக மூடிவிட்டு, படி இறங்கிப் போனாள். வெளியே வெயில். சுடிதாரின் நீலம் ஆட்டோக்களுக்கு நடுவில் கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு ஒரு வேன் வந்து மறைத்தது.

ஓட வேண்டும். கால் ஓடப் பார்க்கிறது. ஓடிப்போய் என்ன சொல்வேன், மன்னிச்சிரு என்றா, அவள் நல்லவள், மன்னித்துவிடுவாள், தெருவில் நிற்கவைத்து மன்னிப்பு வாங்கிக்கொண்டு, இரண்டு பேரும் பஸ் ஏறி, வீட்டுக்குப் போய், அவள் களைப்பில் தூங்கியதும் முன்னறைக்குப் போய்… அந்த எண்ணம் ஏற்கெனவே எங்கோ தயாராகக் காத்திருப்பது தெரிந்தது. மகள் போன வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்து வரிசையும் கண்ணுக்குள் இறங்கிவிட்டன. உட்கார்ந்திருந்தேன். பதினேழில் ‘எப்போதும்’ என்று போட்டேன், அது சரியான பதில் இல்லை, ஆனால் அங்கே இருந்ததில் பெரியது அதுதான். மீதி மூன்றையும் முடித்துவிட்டு, மேலே போய் முதல் கேள்வியிலிருந்து ஒவ்வொரு டிக்காக அடித்துவிட்டு வலப்பக்கம் மாற்றினேன், தாள் அசிங்கமாகிவிட்டது, இப்படி ஒரு தாளை என் கையால் யாருக்கும் கொடுத்ததில்லை. உள்கதவு திறந்து அந்த அம்மாவும் பையனும் வந்தார்கள், அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது. காலி நாற்காலியைப் பார்த்தார். “மக எங்கம்மா? பயந்துட்டாளா?” கவுன்ட்டரிலிருந்து, “பிலோமினா யாரு, வாங்க” என்றாள் அந்தப் பெண். நான் எழுந்தேன். “அவளுக்கு ஒண்ணும் இல்லைங்க” என்றேன். “அவ எனக்குத் துணைக்கு வந்தா. எனக்குத்தான்.” அந்த அம்மாவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது வாயைத் திறந்தார், அவர் சொல்ல வந்தது எதுவாக இருந்தாலும் எனக்குத் தகும். என் மகளைத் தொட்ட அந்தக் கையைத் தன் சேலையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். பையன் குனிந்தபடியே உள்கதவைப் பிடித்துக்கொண்டிருந்தான், நான் உள்ளே போகும் வரை விடவில்லை.

டாக்டர் என்னைவிட இளையவர். தாளை வாங்கி, அடித்துத் திருத்தியதையெல்லாம் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். “மகள் கூட வந்திருக்கிறதா எழுதியிருக்கு. வெளிய இருக்காங்களா?” “தெரியல டாக்டர். பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பா.” “கோவமா போயிட்டாங்களா?” “ஆமா. இப்பத்தான் அவட்ட ஒரு விஷயம் சொன்னேன். ஒரு வருஷமா சொல்லாதது.” அவர் என்னையே பார்த்தார். “நீங்க வேணும்னா போய் அவங்களப் பாத்துட்டு வாங்க. நான் அடுத்தவங்களக் கூப்பிடுறேன். நீங்க வந்தப்புறம் பேசலாம்.” எவ்வளவு நல்ல வழி. எவ்வளவு நியாயமான காரணம், ஒரு தாய் மகளைத் தேடிப் போகிறாள், யார் குறை சொல்ல முடியும். என் உடம்பு பாதி எழுந்தேவிட்டது. நான் நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். “வேண்டாம் டாக்டர்” என்றேன். “இப்ப எந்திரிச்சுப் போனா நான் திரும்பி வர மாட்டேன்.”